ஹாலில் ஃபேன் போடாதீர்கள்

பெயிண்டர் ஐயாவுக்கு,

மகளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். சாவி ஆணியில் இருக்கிறது.

ஹாலில் மட்டும் ஃபேன் போடாதீர்கள். பிறக்கப்போகும் பேரப்பிள்ளையின் ஒட்டுத்துணிப் போர்வைக்காக, ஜன்னல் பக்கம் வெளிர் துணி, கதவுப் பக்கம் அடர் துணி என்று தரையெல்லாம் பரப்பியிருக்கிறேன். நேற்று நீங்கள் செய்த உதவியில் சிவப்பெல்லாம் ஒரு குவியல், பச்சையெல்லாம் ஒரு குவியல். நிறத்தைப் பார்க்காமல் வெளிரா, அடரா என்று பாருங்கள் என்றால், "முப்பது வருஷமா பெயிண்ட் அடிக்கிறேன், எனக்கே கலர் சொல்லித் தர்றியா?" என்று கத்தினீர்கள். "அந்தப் பச்சைத் துணிதான் அடர், என் சிவப்பு நைட்டி வெளிர்!" என்று நானும் கத்தினேன்.

காலையில் அந்தப் பச்சையையும் (அது உங்கள் சட்டைதான், பிறகு பேசிக்கொள்ளலாம்) என் நைட்டியையும், எது அடர் என்று பார்க்க, போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தேன். இரண்டும் அச்சு அசல் ஒரே சாம்பல். எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. ஆகவே கத்தியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி, கேட்காமல் துணியைத் தொட்டதற்கு. அது அப்படியே இருக்கட்டும்.

பி.கு.: உங்கள் தங்கை வந்தால் சமையலறையோடு நிறுத்துங்கள். ஹாலுக்குள் விட்டால், "அண்ணி ஏன் இப்படிப் பரத்திப் போட்டிருக்காங்க?" என்று அவளும் அடுக்க ஆரம்பித்துவிடுவாள்.

இன்னொன்று: இப்படி ஒரே சாம்பலாகத் தெரியும் துணிகளை அடுத்தடுத்துத் தைத்தால் எது எங்கே முடிகிறது என்று தெரியாது, அதனால் தள்ளித்தான் வைக்க வேண்டும். நம் இரண்டையும் மட்டும் பக்கத்தில் தைக்கப்போகிறேன்.