மஞ்சள் தண்ணீரும் வீட்டுப் போனும்

துளசி அப்பாவுக்கு,

பீடோரிலிருந்து புஷ்பலதா எழுதுவது. நானும் மகளும் நலம். அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, யார் வம்புக்கும் போகாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை உங்களுக்கு முன்பே பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரிக்கும் என் வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஞாயிறாக நான் வேண்டுமென்றே போனை எடுக்காமல் இருக்கவில்லை. போன் செத்துக் கிடந்தது.

போன மாதம் பத்து காஜா சிறைக்கு உங்களைப் பார்க்க வந்தபோது, இனிமேல் போன் பண்ணாதீர்கள், எடுக்க மாட்டேன் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். கம்பெனி செம்புக் கேபிளில் கை வைத்து எங்களை இப்படி நிற்க வைத்துவிட்டீர்களே என்ற ஆத்திரம். திரும்பும் பஸ் கம்பார் டவுனுக்கு வருவதற்குள் அது தணிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு, நீங்கள் வழக்கமாகக் கூப்பிடும் பத்து மணிக்குப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவில்லை. மனுஷனுக்கு ரோஷத்தைப் பார் என்று உங்களைத்தான் திட்டினேன். ரிசீவரைத் தூக்கிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

நேற்று பக்கத்து வீட்டுக் குமுதா அக்கா வந்து, எத்தனை தடவைலா உனக்குப் போன் அடிக்கிறது, மணி போகுது, நீ எடுக்கவே மாட்டேங்கிற என்றார். ஓடிப்போய் ரிசீவரைத் தூக்கினேன், டோனே இல்லை; இங்கே செத்த போன், அடிக்கிறவர் காதில் மட்டும் மணி அடித்திருக்கிறது. நீங்களும் அந்த மணியைக் கேட்டுக்கொண்டுதானே நின்றிருப்பீர்கள்.

உங்கள் கருவிப் பெட்டியைத் தொடக் கூடாது என்பீர்கள். தொட்டேன். போனைக் கொண்டுபோய் அக்கா வீட்டில் மாட்டினேன், வேலை செய்தது. நம் வாசல் சுவரில் இருக்கும் போன் லைன் பெட்டியைத் திறந்து அங்கே மாட்டினேன், டோன் வந்தது. அப்படியென்றால் கோளாறு வீட்டுக்குள்தான். சாமி மேடைக்குக் கீழே போன் ஒயரைச் செருகும் ஜாக்கின் மூடியைக் கழற்றினால், உள்ளே மஞ்சள் கறையும் பச்சைக் களிம்பும். சிவப்புக் கம்பி அரித்து அற்றுப் போயிருந்தது.

குற்றவாளி நான்தான். நீங்கள் போனதிலிருந்து, வீட்டைப் பிடித்த பீடை ஒழியட்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறேன். மூலைமுடுக்கு விடுவதில்லை. சாமி மேடைப் பக்கம் இன்னும் ஒரு கை கூடுதல். உங்கள் குரலைக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனைக் கொன்றிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

களிம்பைச் சுரண்டி, கம்பியின் கெட்ட முனையை வெட்டி, மேல் உறையை உரித்து, திருகில் சுற்றி இறுக்கினேன். துளசி ரிசீவரைக் காதில் வைத்து, டோன் வருதும்மா என்று குதித்தாள். வெட்டி எடுத்த துண்டு என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், செம்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். கோபத்தில் அழவில்லை.

இப்போது ஜாக்கின் மேல் பிளாஸ்டிக் டப்பாவை வெட்டிக் கவிழ்த்திருக்கிறேன். வெளியே வந்து நீங்கள் ஒழுங்காகச் செய்துகொடுங்கள். இன்னும் பதினொரு மாதம்தானே.

அங்கிருந்து கூப்பிட நீங்கள் பதிந்து வைத்திருப்பது இந்த வீட்டு நம்பர் ஒன்றுதான். நான் கத்தியதை மனதில் வைத்து அதையும் விட்டுவிடாதீர்கள். வேலையில் என் ஞாயிறு ஷிப்டை மாற்றிக்கொண்டேன். பேச ஒன்றும் தோன்றாவிட்டால் பேச வேண்டாம், போன் மட்டும் போடுங்கள். அங்கே கொடுக்கிற பத்து நிமிஷமும் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாலும் எனக்குப் போதும்.

முருகன் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

முதல் மணியிலேயே எடுக்கப்போகும்,
புஷ்பா