முயலின் இடது கால்

கூலாய்
12.8.1932

அன்பு மனைவிக்கு,

உன் தம்பி சன்னாசியை வருகிற வெள்ளிக்கிழமை இங்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதே. காய்ச்சல் என்று சொல்லிவிடு. அவன் செடெனாக் ரப்பர் தோட்டத்திலேயே இருக்கட்டும்.

பால்வெட்டுக் கத்தி மணிக்கட்டில் பாய்ந்த பிறகும் அவனுக்கு இரண்டு விரலாவது மடங்குகிறது. அது போதும். டாக்டர் துரை கத்தி பட்ட நரம்பை வெட்டி மறுபடி தைக்கப் போகிறார். முயலுக்கு அப்படித்தான் குணமானதாம்.

முயலை அளந்தவன் நான். அதன் இடது காலில் நரம்பை வெட்டித் தைத்திருந்தார்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, பாதத்தில் நூல் கட்டி, பாட்டரிக் கம்பியால் தொட்டதும் எத்தனை எடைக்கல் தூக்குகிறது என்று வாரந்தோறும் எழுதினேன். மல்லாந்த முயலின் இடது கால் என் வலப்பக்கம் அல்லவா இருக்கும்? தழும்பை ரோமம் மூடியிருந்தது.

"பாகுஸ்! நல்லா தூக்குது!" என்று துரை மலாய் கலந்து பாராட்டி என் தோளில் தட்டினார்.

நேற்று ரோமத்தை விலக்கிப் பார்த்தேன். தழும்பு இருந்த காலில் நூலைக் கட்டினேன். மிகச் சிறிய கல்கூட அசையவில்லை. இத்தனை வாரமும் நான் அளந்தது வெட்டாத காலை.

துரையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் யாரிடமும் சொல்லாதே.

சன்னாசி வராவிட்டால் ஆபரேஷன் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அவனுக்கு முன்கூட்டியே எழுத இங்கே மச்சான் யாரும் இல்லை.

உன் கணவன்