தியானம் என்று எழுதியிருக்கிறாய்

அண்ணா,

உன் ஜாஸ் ஆல்பத்தை, அதோடு நீ எழுதிவைத்த விளக்கத்தைப் படிக்காமல் கேட்டேன். கடைசிப் பாட்டில் உன் சாக்ஸபோன் வெறிபிடித்துக் கத்துகிறது. என் வீட்டுக்காரரின் டிரம்ஸ் அதைத் துரத்துகிறது. திடீரென்று இரும்பால் அடிக்கிற சத்தம். கூடவே அவர் குரல்: "மச்சான், கை! என் கை!" அதற்கப்புறம் டிரம்ஸே இல்லை.

பிறகுதான் விளக்கத்தைப் படித்தேன். "இங்கே தாளம் தியானத்தில் கரைகிறது."

ஸ்டூடியோ படியில் விழுந்து மணிக்கட்டு நொறுங்கியது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். இப்போதும், "ரெக்கார்டிங் நல்லா வந்திருக்கு, விடும்மா" என்கிறார். அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது நான்.

அன்றைக்கு அவரோடு திரும்பி வந்த டிரம்ஸின் சிம்பல் தட்டை மாட்டுகிற இரும்பு ஸ்டாண்ட் ஏன் வளைந்திருந்தது என்று இப்போது புரிகிறது. அதைக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவாய் அல்லவா, தவறாமல் வா.

உன் தங்கை