பதினொரு தடவை திறந்த டப்பா

அக்கா,

மூளை ஏன் சாப்பாட்டைத் தேடுதுன்னு வீடியோவா பார்த்துத் தள்ளினேன்ல, அந்த வெறியில பிஸ்கட் டப்பாவைக் காலி பண்ணி வெச்சேன். நீ எத்தனை தடவை திறந்து பார்க்கிறன்னு போன்ல படம் பிடிச்சேன். பதினொரு தடவை! அதை அந்த வீடியோ பார்க்கிறவங்களோட வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான்.

அந்த வீடியோவெல்லாம் போடுற, நான் தலையில தூக்கி வெச்சு ஆடுற ஆராய்ச்சி மேடம் மட்டும் சிரிக்கலை. "எலியை வெச்சு சோதனை பண்றதுக்கே நாங்க அனுமதி வாங்கணும் தம்பி. நீ உங்க அக்காகிட்ட கேட்டியா?"ன்னு எழுதினாங்க.

கேட்கலை.

உடனே அழிச்சேன். அதுக்குள்ள அதே குரூப்புல இருக்கிற உன் தோழி உனக்கு அனுப்பிட்டா. மூணு நாளா தட்டோட ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிற. "அவளுக்கு என்னடா ஆச்சு?"ன்னு அம்மா கேட்கிறாங்க. இன்னிக்கு நானே சொல்லிடுறேன். நீ வெளிய உக்காந்து சாப்பிடுக்கா. நான் எழுந்து போயிடுறேன்.

மூஞ்சியைக் காட்ட முடியாத
உன் தம்பி