அரைத்துக் கொடுத்த மாத்திரை

மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம் என்று எழுத வழியில்லை. நீயும் சண்டை போட்டுக்கொண்டு ஊருக்குப் போனதிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. பெற்றவன் குரல் அவ்வளவு கசந்துவிட்டதா?

அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தது உனக்குத் தெரியும். மணிக்கட்டில் கட்டு அப்படியே இருக்கிறது. படபடப்புக்குக் கொடுக்கும் மாத்திரையின் அளவு அதிகம் என்று டாக்டர் பாதியாகக் குறைத்தார். இப்போது மறுபடி படபடப்பு. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.

டாக்டர் மேல் தப்பில்லை. மாத்திரையை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். முழுசாகத்தான், தண்ணீரில்தான் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவள் அரை மயக்கத்தில் கிடந்தாள்.

நீ போன பிறகு, தொண்டையில் சிக்குகிறது என்றாள். உரலில் போட்டு மாவாக அரைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். அவள் விழுந்த அன்றோடு பயந்து நிறுத்திவிட்டேன். கூடாது என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். கடைசல் பட்டறை வேலையை எவனும் எனக்குக் கற்றுத் தரவில்லை, பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன். ஒரு மாத்திரையை விழுங்க வைக்க எனக்கு நீ பாடம் எடுப்பதா என்று இருந்தது.

நீ அன்று பஸ் கதை சொன்னாய். பதற்றம் வந்தால் உடம்பு ஒன்றைச் சுரக்குமாம். அது இதயத்தில் தன் சீட்டில் வந்து உட்கார்ந்து இதயத்தை வேகமாக ஓட விரட்டுமாம். மருந்தின் வடிவமும் கிட்டத்தட்ட அதேதானாம். முந்திக்கொண்டு அந்த சீட்டில் துண்டு போட்டுவிடும், ஆனால் விரட்டாது. "மாத்திரை என்ன, டிக்கெட் எடுத்துட்டா ஏறுது?" என்று கேட்டு உன்னை மேலே பேசவிடாமல் செய்தேன்.

நேற்று இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்தேன். ஒன்றில் அரைத்த பொடி, ஒன்றில் முழு மாத்திரை. பொடி உடனே கலங்கிக் கரைந்தது. மாத்திரை மட்டும் குட்டிக் குட்டி மணிகளாக உதிர்ந்தது. மணிகள் சாயங்காலம் வரை கரையவில்லை. பட்டறை லென்ஸில் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு தோல். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டியதை ஒரே மடக்கில் கொடுத்திருக்கிறேன். எல்லா சீட்டிலும் ஒரே நேரத்தில் துண்டு. இதயம் அடங்கிப்போய் விழுந்திருக்கிறாள். இப்போது முழுசாகக் கொடுக்கும்போது டாக்டர் குறைத்த பாதி போதவில்லை. அட்டையில் 'அரைக்கக் கூடாது' என்ற எழுத்தைப் பெரிதாகப் போட்டால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? அதை விடு.

டாக்டரிடம் உன்னைப் பேசச் சொல்லவில்லை. நாளைக் காலை நானே போய்ச் சொல்வேன், திட்டினால் திட்டட்டும். அம்மாவிடம்தான் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும், "நீங்க அரைச்சுக் குடுத்தப்போதான் நிம்மதியா இறங்குச்சு, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்கிறாள்.

அவளுக்கு போன் செய். அரைக்கக் கூடாது என்று சொல், ஏன் என்றும் சொல். எப்போதும் போல் ஸ்பீக்கரில்தான் போடுவாள். நான் பக்கத்தில்தான் இருப்பேன். பஸ் கதையை முதலிலிருந்து சொல், குறுக்கே பேசமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

அப்பா