கடைசிப் படியின் நிறம்

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் சௌக்கியம். முழங்காலில் ஒரு சிராய்ப்பு மட்டும். அதைப் பிறகு சொல்கிறேன். நீ கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடந்ததாகப் பெரியவள் போனில் சொன்னாள். நம் மகள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள் என்பதால், பாதி தூரம் என்று வைத்துக்கொண்டேன். இனி நம் வீட்டுப் படிக்கட்டில் கால் வைக்க மாட்டேன், அவள் வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்று நீ சொன்னதாகவும் சொன்னாள். அதையும் பாதியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நீ புறப்படும்போது சொன்னதை அப்படியே பாலிஷ்காரரிடம் சொன்னேன். தரை, கதவு நிலை, படிக்கட்டு மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும். தரையும் படியும் வேறு வேறு மரம், ஒரே டப்பாவை அடித்தால் ஒரே நிறம் வராது என்றார். மிச்சமிருந்த படிப்பலகையில் ஏழு துண்டு வெட்டி, சாயத்தைக் கூட்டியும் குறைத்தும் பூசி, மேலே வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் காலை வெளிச்சத்தில் ஒரு முறை, மாலையில் விளக்கைப் போட்டு ஒரு முறை பார்த்தேன். சட்டைக்குப் பொத்தான் தேடுகிறவர்கூட இவ்வளவு படுத்த மாட்டார் என்றார். ஐந்தாவது துண்டைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினால், எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியிருந்தது. இதுதான் என்று சொல்லிவிட்டேன்.

போன சனிக்கிழமை, வேலை முடிந்த மறுநாள், தேநீர் டம்ளரோடு இறங்கினேன். தரை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. கூலி வாங்க வந்திருந்த பாலிஷ்காரர்தான் ஓடிவந்து தூக்கிவிட்டார். பொருத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு ஐயா என்றார்.

நீ விழுந்ததும் அதே படியில்தான். அன்று மேலிருந்து தரைவரை ஒரே விரிப்பு போட்டிருந்தோம். பராக்குப் பார்த்துக்கொண்டு இறங்கினாய் என்று உன்னைத் திட்டினேன். ஆஸ்பத்திரியிலும் விடவில்லை. அந்த விரிப்பை வாங்கி வந்தவன் நான்.

ஆகவே உன் பேச்சை மீறிவிட்டேன். கால் வைக்கும் பலகைகளை மட்டும் இழைத்து, காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாற்றியாயிற்று. வழுக்காதபடி பளபளப்பில்லாத வார்னிஷ். படிகளின் முகப்பும் கைப்பிடியும் நீ கேட்டபடி கதவு நிலையின் நிறம்தான். நேற்று கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுப் பத்து தடவை ஏறி இறங்கினேன். தரை எங்கே ஆரம்பிக்கிறது என்று என் கண்ணுக்கே தெரிகிறது. உனக்குத் தெரியாமல் போகாது.

தரையோடு சேரவில்லை என்று நீ முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொள். வந்து நேரிலேயே திட்டு. கடைசிப் படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொள்கிறேன். என் முறை எப்போதோ வந்துவிட்டது.

உன் கால்கள் நாளுக்கு நாள் உறுதிப்படட்டும்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்