நிறுத்த நிறுத்த எழுந்தது

ஐப்பசி, செவ்வாய் இரவு

தூக்கம் வரவில்லை. மீனவர்களுக்கு வானிலைச் செய்தி அனுப்பும் எங்கள் புரோகிராம் இன்று காலை பழைய தகவலை எடுத்து, "கடல் அமைதி, போகலாம்" என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டது. சர்வரில் அது ஓடும் பெட்டியான கன்டெய்னரை உடனே நிறுத்தினேன். தானாகவே எழுந்தது. எழுந்ததும் அதே செய்தியை மறுபடி அனுப்பியது. திரும்ப நிறுத்தினேன், திரும்ப எழுந்து திரும்ப அனுப்பியது.

என்னோடு வேலை செய்யும், லீவில் இருந்த செந்திலைப் போனில் பிடித்தேன். "எந்தக் கன்டெய்னர் நின்னாலும் உடனே ஸ்டார்ட் பண்ற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் போட்டிருக்கேன்க்கா. சொல்ல மறந்துட்டேன்" என்றான். எவ்வளவு நிதானமாகச் சொல்கிறான், படுபாவி! முதலில் அந்த ஸ்கிரிப்டை நிறுத்தினேன், பிறகுதான் கன்டெய்னர் அடங்கியது. "போகாதீர்கள்" என்று திருத்தி அனுப்பினேன். ஏற்கெனவே கடலுக்குள் போனவர்களுக்குச் சிக்னல் ஏது?

எங்கள் ஊர் பிள்ளைச்சாவடியிலிருந்து என் அண்ணனும் போயிருந்தான். இருட்டிய பிறகுதான் கரை சேர்ந்து போன் செய்தான். பேசும்போதே பல் தந்தியடித்தது.

"ஏண்ணா போன? மேகத்தப் பாக்கலையா?" என்று கத்தினேன்.

"பாத்தேன் பாப்பா. மெசேஜ் ஒரு தடவ வந்திருந்தா போயிருக்க மாட்டேன். நீ மூணு தடவ சொல்றியேன்னுதான் போனேன்."